வலை வீசும் கையில் ஏரிபி ஏன் தீர்ந்துபோவதில்லை?

மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வலை வீசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நெடுநேரம் ஆடாமல் அசையாமல் நிற்பார். தண்ணீரில் மீன் புரள்வது தெரிந்ததும் ஒரே வீச்சு. அந்தக் கணத்தில் தோள் தசையில் ஏரிபி (ATP), அதாவது கலங்கள் வேலைக்குச் செலவிடும் சக்தி மூலக்கூறு, செலவாகும் வேகம் பல மடங்கு எகிறும். கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் காணும். ஆனாலும் அளந்து பார்த்தால் ஏரிபி பெரிதாகக் குறைந்திருக்காது. முதல் விநாடிகளில், ஏரிபியை உடனே மீட்டுத்தரும் கிரியேற்றின் பொஸ்பேற்று என்ற தசைச் சேமிப்பு கைகொடுக்கும், சரி. அதற்குள் குளுக்கோசை உடைக்கும் வேலையும் சூடுபிடித்தாக வேண்டுமே, அதை முடுக்குவது யார்?

வயல் வட்டைக்குத் தண்ணீர் பங்கிட வட்டைவிதானை என்ற பொறுப்பாளர் இருக்கிறார். கலத்துக்குள் அப்படி ஒருவரும் இல்லை. நொதியங்கள் ஆக்கும் பொருட்களே அந்த நொதியங்களை அடக்கவும் செய்யும், தட்டியெழுப்பவும் செய்யும். ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் மிஞ்சினால், தன்னை ஆக்கும் பாதையின் முதல் நொதியத்தையே அது நிறுத்திவிடுவதை 1956இல் எட்வின் அம்பார்கர் பற்றீரியாவில் காட்டினார்.

குளுக்கோசை உடைக்கும் பாதையில் இப்படி அடங்கியும் எழும்பியும் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதியம் பொஸ்போபிரக்டோகைனேசு. வாயில் நுழையாத பெயர், பிஎப்கே என்போம். வேலை செய்ய இதற்கே ஏரிபி வேண்டும். ஆனால் ஏரிபி மிகுந்தால், தாக்கம் நடக்கும் உயிர்ப்பு மையத்தை விட்டு வேறோர் இடத்தில் போய் ஒட்டி, நொதியத்தின் வடிவத்தைச் சற்று மாற்றி மந்தமாக்கிவிடும். ஏரிபி இரண்டு பொஸ்பேற்றுகளை இழந்த வடிவமான ஏஎம்பி (AMP) வந்தால் அந்தத் தடை தளரும்.

ஏரிபி குறைவதே போதாதா, ஏஎம்பி எதற்கு? இங்கேதான் சூட்சுமம். ஏரிபி செலவானால், ஒரு பொஸ்பேற்றை இழந்த வடிவமான ஏடிபி (ADP) சேரும். அடினிலேற்றுக் கைனேசு என்ற நொதியம் இரண்டு ஏடிபியை எடுத்து ஓர் ஏரிபியும் ஓர் ஏஎம்பியும் ஆக்கும். ஏஎம்பி வழக்கமாக மிகச் சொற்பம். ஆகவே ஏரிபி 5 அலகிலிருந்து 4.5க்கு இறங்கும்போது ஏஎம்பி 0.1இலிருந்து 0.6க்கு ஏறலாம். முன்னதில் 10 வீத மாற்றம், பின்னதில் ஆறு மடங்கு! பிஎப்கேக்கு இது காதில் விழாமல் போகாது.

தசையில் பிஎப்கே இல்லாமலே பிறப்பவர்களும் உண்டு. ஜப்பானில் தருயி என்ற மருத்துவர் 1965இல் விவரித்த அரிய நோய் இது. கொஞ்சம் ஓடினாலே தசை பிடித்துக்கொள்ளும். இனிப்புச் சாப்பிட்டால் தெம்பு வரும் என்றுதானே நினைப்போம்? இவர்களுக்கு இன்னும் மோசமாகும். தசையால் குளுக்கோசை உடைக்க முடியாது. அதற்கு மேல் இன்சுலின் சுரந்து, அவர்கள் நம்பியிருக்கும் கொழுப்பமிலத்தையும் இரத்தத்தில் குறைத்துவிடும்.