சட்டிக்குள் ஒரு கிணறு: விரிவுரையாளர்களோடு விளையாடியதில் கண்டது

ஒரு மண்சட்டி, 60 புளியங்கொட்டை, ஐந்து குழு. நிலைபேறான அபிவிருத்தியைப் பாடத்துக்குள் கொண்டுவருவது பற்றி விரிவுரையாளர்களுக்கு நடத்தும் செயலமர்வுகளுக்கு நான் கொண்டுபோகும் சாமான் இவ்வளவுதான். சட்டிதான் கிணறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குழுவும் தனக்கு எத்தனை கொட்டை வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டாமல் ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும், 10 வரை கேட்கலாம். எல்லாரும் எடுத்த பிறகு மாரி பெய்யும், அதாவது மிஞ்சியதை நான் இரட்டிப்பாக்குவேன், ஆனால் 60க்கு மேல் போகாது. கூடக் கொட்டை சேர்த்த குழுவுக்குக் கூட விளைச்சல். குழுக்களுக்கு இடையே பேச்சு இல்லை.

குழுவுக்கு ஆறு எடுத்தால் இந்தக் கிணறு எந்நாளும் வற்றாது. ஆனால் ஒரு செயலமர்வில் முதல் சுற்றில் கேட்டது 8, 7, 10, 9, 6. மொத்தம் 40. மிஞ்சிய 20 மாரிக்குப் பிறகு 40 ஆனது. குறைந்தது எல்லாருக்கும் தெரிகிறது. அடுத்த சுற்றில் 10 கேட்ட குழு ஒன்றைக் குறைத்தது, 6 கேட்ட குழு ஒன்றைக் கூட்டியது, கூட்டிப் பார்த்தால் அதே 40. சட்டி காலி. அந்த அறையில் சூழலியல் படிப்பிக்கிறவர்களும் இருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "மற்ற ஆக்கள் அள்ளிப்போடுவினம் எண்டுதான் நாங்களும் கூட்டிப் போட்டனாங்கள்" என்றார் ஒருவர். அறை கொஞ்ச நேரம் அமைதியாகவே இருந்தது.

பொழுதுபோக்குக்காக அல்லாமல் கற்பதற்காக ஆடும் இப்படியான விளையாட்டைத்தான் சீரியஸ் கேம்ஸ் என்கிறார்கள், நான் காத்திரமான விளையாட்டு என்று சொல்வேன். டெனிஸ் மெடோஸ் உருவாக்கிய ஃபிஷ் பேங்க்ஸ் என்ற விளையாட்டில் ஆட்கள் கப்பல் வாங்கி மீன் பிடித்துக் கடலைக் காலியாக்குவார்கள். நமக்கோ கிணறு பொருந்துகிறது. யாழ்ப்பாணம் பெரிய ஆறு இல்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடிக்கவும். அந்த நன்னீர் உவர்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அப்படியானால் மேலே ஒரு அடியை இறைத்தால் கீழே உவர் எவ்வளவு ஏறப் பார்க்கும் என்று யோசியுங்கள்.

நான் முதன்முதலில் இதை நடத்தியபோது ஒரு பிழை விட்டேன். விளையாட்டுக்கே நேரம் முழுதும் போய்விட்டது, பேசுவதற்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சியது. எல்லாரும் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள், எவருடைய பாடத்திலும் ஒரு வரிகூட மாறவில்லை. இப்போது விளையாடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு பேச ஒதுக்குகிறேன். விளையாட்டு எங்கே பொய் சொல்கிறது என்றும் கேட்பேன், ஏனென்றால் நிஜ மாரி மிஞ்சியதைப் பார்த்து இரட்டிப்பாவதில்லை. வென்ற குழுவுக்குப் பரிசும் கொடுப்பதில்லை. பரிசு வந்தால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

அப்புறம் பேச விட்டு மறுபடி விளையாட வைப்பேன். அநேகமாக ஒரு விதி பிறக்கும், யார் கண்காணிப்பது என்று சண்டையும் பிறக்கும், கிணறு வற்றாமல் நிற்கும். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரொம் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். இதை விளையாட்டுக்கு முன் சொன்னால் அது இன்னொரு விரிவுரை. சண்டை பிடித்து முடித்தவர்களிடம் சொன்னால் தாங்கள் செய்ததற்குப் பெயர் கிடைத்ததுபோல நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இதற்கும் உயர்கல்விக்கும் என்ன தொடர்பு? கூரையில் சூரியத் தகடும் வளாகத்தில் மரக்கன்றும் வேண்டியவைதான். ஆனால் 2030க்குள் கற்கிற எல்லாருக்கும் நிலைபேறான அபிவிருத்திக்கான அறிவும் திறனும் கிடைக்க வேண்டும் என்கிறது ஐநாவின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 4.7 என்ற இலக்கு, அது வகுப்பறைக்குள் நடக்க வேண்டிய வேலை. அதனால் கடைசி ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் தன் பாடத்தின் ஒரே ஒரு ஒப்படையை எடுத்து மாற்றி எழுத வேண்டும். கணக்கியல் படிப்பிக்கும் ஒருவர் வெங்காயச் செய்கையின் செலவுக் கணக்கை எடுத்தார். விதை, உரம், கூலி, மோட்டருக்கு மின்சாரம் எல்லாம் இருந்தது. "தண்ணிக்கு எந்த வரி?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்க, இவர் பேனையை வைத்துவிட்டார். தண்ணீர் பூச்சியமாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியே இப்போது அவருடைய மாணவர்களுக்கு ஒப்படை.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் சட்டியோடு தொடங்குங்கள், கணினி தேவையில்லை. இன்னொன்று, விவசாயம் படிப்பிக்கும் ஒருவர் உரத்திலிருந்து கிணற்று நீரில் கலக்கும் நைத்திரேற்றையும் சேர்க்கச் சொல்கிறார். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை, நம் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. கூட எடுக்கிற குழுவின் உரமும் கூட என்று வைத்து, அடியில் புள்ளி போட்ட கொட்டைகளைச் சட்டிக்குள் கலக்க வேண்டுமாம், மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதை எந்தச் சுற்றில் திருப்பிக் காட்டுவது என்று இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.