மலை இறங்கும் சைக்கிளின் சேதாரக் கணக்கு

1976 அக்டோபர் 21. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி மலைப்பகுதியில் ஒரு மண் பாதை. தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை வைத்துக்கொண்டு சில இளைஞர்கள் அதில் பந்தயம் விட்டார்கள். ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டரில் 400 மீட்டர் உயரம் இறங்கிவிடும் பாதை அது. அந்தச் சைக்கிள்களுக்குப் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள்ளேதான் பிரேக். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் பழுக்கச் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று பெயர். பந்தயத்துக்கும் பாதைக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் அங்கே ஓட்டியவர்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இந்த மாதிரிப் பாதைக்கென்றே புதிதாக ஒரு சட்டகம் செய்தார். இன்றைய மலை சைக்கிளின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. இந்த விளையாட்டைப் பிரபலமாக்கிய பந்தயத்துக்கு, பந்தயம் முடிந்ததும் செய்ய வேண்டிய மராமத்து வேலையின் பெயர்!

நகைக் கடை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று தனியாகப் போடுவார்கள் அல்லவா? மலைப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கும்போது நாம் ரயில், அறை, சாப்பாடு எல்லாம் எழுதுகிறோம். சேதாரத்தை மட்டும் எழுதுவதில்லை. பயணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பிரேக்கும் ஒன்றாகப் போகும்போது, திடீர்ச் செலவு வந்துவிட்டதாகத் திகைக்கிறோம். அது அந்த மலையிலேயே கணக்கில் ஏறிவிட்ட செலவு.

முதலில் பிரேக். ஓட்டுபவரும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரீபேக் பாதையில் 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 100 × 9.8 × 400, அதாவது சுமார் 3,92,000 ஜூல். வேகமாக இறங்கியவர்கள் நாலரை நிமிடத்துக்குள் கீழே வந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1,450 வாட். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பை நன்றாகக் கூட்டி வைத்தால் ஆகும் மின்சாரம் அது. காற்றும் மண்ணும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்றாலும், பாதி மட்டும் பிரேக்குக்கு வந்தால்கூட உள்ளங்கை அளவு ஹப்புக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஓட விட்ட மாதிரிதான். கிரீஸ் எப்படித் தாங்கும்?

இப்போது டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தகட்டை, பேட் என்ற கட்டைகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். சூடு வெளிக்காற்றில் ஆறுகிறது. ஆனால் ஆற்றல் எங்கும் குறைந்துவிடவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் உயர வித்தியாசம் 1,400 மீட்டருக்கு மேல். அதே 100 கிலோவுக்கு சுமார் 14 லட்சம் ஜூல். நாலு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தார் ரோட்டில் சீரான சரிவு என்பதால் காற்றே நிறைய வாங்கிக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்துச் செங்குத்தான மண் பாதையில் மெதுவாக இறங்கும்போது காற்று உதவாது. பெரும்பங்கு டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான் போகும்.

அப்படி ஒரு பாதையில் எனக்கு ஒருமுறை பிரேக் கைவிட்டது. இரண்டு விரலால் பின்பிரேக்கைப் பிடித்தபடியே கால் மணி நேரம் இறங்கியிருப்பேன். லீவர் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகி, கடைசியில் ஹேண்டில்பாரைத் தொட்டது. பிடிப்பு இல்லை. முன்பிரேக்கில் நிறுத்தி, ஓரமாக உட்கார்ந்து பத்து நிமிடம் ஆறவிட்டதும் லீவர் மறுபடி இறுகியது. அப்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஹைட்ராலிக் பிரேக்கில் லீவருக்கும், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கும் நடுவே திரவம் நிரம்பிய குழாய் இருக்கிறது. திரவம் அமுங்காது. இந்தப் பக்கம் சின்ன பிஸ்டனைத் தள்ளினால் அந்தப் பக்கம் பெரிய பிஸ்டன் பல மடங்கு விசையோடு பேடை அழுத்தும். 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. ஆனால் திரவம் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக் குமிழி வருகிறது, ஆவி நன்றாக அமுங்கும். லீவரை எவ்வளவு இழுத்தாலும் குமிழிதான் சுருங்கும், பேட் நகராது.

சரி, எப்போது கொதிக்கும்? டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ரப்பர் குழாய் வழியாகவும் சீல் என்ற ரப்பர் வளையங்கள் வழியாகவும் மாதக்கணக்கில் ஈரம் உள்ளே போகும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு அதே தரவிதி கேட்பது 155 டிகிரிதான். 75 டிகிரி போய்விட்டது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குகளில் மினரல் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே நுழைந்த தண்ணீர் அதில் கரையாமல் கீழே தங்கி, காலிப்பர் பக்கம் 100 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஒன்றுக்கு ஒன்றை மாற்றி ஊற்றவே கூடாது, சீல் ஊதி வீணாகிவிடும். எது உங்களுடையது என்று பெரும்பாலும் லீவரின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

இறங்கும் விதமும் முக்கியம். பிடித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, அப்புறம் முழுசாக விட வேண்டும். விடும் நேரத்தில் வேகம் கூடுவதால் காற்று கூடுதல் பங்கை எடுத்துக்கொள்ளும், டிஸ்க்கும் ஆறும். டிஸ்க்கின் தடிமனையும் பார்க்க வேண்டும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்றச் சொல்கிறார்கள். பேடில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மழையில் மணலோடு இறங்கினால் ரெசின் பேட் ஒரே பயணத்தில் தீர்ந்துபோவதும் உண்டு. மழைக்காலம் என்றால் ஒரு ஜோடி கூடவே பையில் இருக்கட்டும்.

அடுத்தது செயின். பணம் சத்தமில்லாமல் கரைவது இங்கேதான்.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் காப்புரிமை வாங்கிய உருளைச் செயினின் வாரிசைத்தான் இன்றும் ஓட்டுகிறோம். கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணிக்குப் ‘பின்’ என்று பெயர். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். நல்ல நிலையில் இருக்கும் செயின், சாதகமான நிலைமைகளில், நம் மிதியில் 98 சதவீதத்துக்கும் மேல் சக்கரத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். மீதி ஒன்றிரண்டு சதவீதம் செயினுக்குள்ளேயே உராய்வாகப் போகிறது.

செயின் இழுத்து நீண்டுவிட்டது என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் எஃகுத் தகடு எதுவும் நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியிருக்கும் உள்தகட்டின் விளிம்பும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் தொய்வு வருகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் சராசரியாக 0.06 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன், தேய்ந்தால் போதும். மொத்தச் செயின் அரை சதவீதம் நீண்டுவிடும். பின்சக்கரத்தில் 11, 12 கியர் உள்ள வண்டிகளுக்கு மாற்ற வேண்டிய எல்லையே அதுதான். 8 முதல் 10 கியர் வரை 0.75 சதவீதம் வரை விடலாம். அளக்கத் தனிக் கருவி கிடைக்கும், இல்லையென்றால் இரும்பு ஸ்கேல் போதும். செயினை இறுக்கிப் பிடித்து ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.3 வந்துவிட்டால் அரை சதவீதம்.

ஒரு முடியளவுக்கு ஏன் இவ்வளவு கவலை? பல்சக்கரத்தின் பற்கள் அரை அங்குல இடைவெளியில் வெட்டப்பட்டவை. செயின் சரியான அளவில் இருந்தால் பாரத்தைப் பல பற்கள் பங்கிட்டுக்கொள்ளும். நீண்ட செயின் பள்ளத்தின் அடியில் உட்காராமல் பல்லின் மேல்பக்கமாக ஏறி உட்காருகிறது, பாரம் ஓரிரு பற்களில் குவிகிறது. அந்தப் பற்கள் சுறாவின் துடுப்பு போலச் சாய்ந்து தேய்ந்துவிடும். அப்புறம் புதுச் செயின் மாட்டினாலும் பழைய கேசட்டில் பொருந்தாது. ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது ‘டக்’கென்று நழுவும்.

தேய்க்கும் வேலையைச் செய்வது மண். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அது எண்ணெயோடு கலந்தால் கிரைண்டிங் பேஸ்ட் மாதிரிதான். செயினுக்கு எண்ணெய் தேவைப்படும் இடம் பின்னுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே மினுமினுப்பாக வழியும் எண்ணெய் மண்ணைத்தான் சேர்க்கும். அதனால் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவும் பழக்கம் தவறில்லை, ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெயிட வேண்டும். செயினில் போடும் ஸ்ப்ரே எதுவும் டிஸ்க்கில் படக் கூடாது. எண்ணெய் குடித்த பேட் கத்தும், பிடிக்காது.

இப்போது பணக் கணக்கு. எண்கள் ஓர் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 12 கியர் வண்டியில் செயின் 2,500 ரூபாய், கேசட் 9,000 ரூபாய். மண் பாதையில் செயின் 1,500 கிலோமீட்டரில் எல்லையைத் தொடுகிறது, நேரத்துக்கு மாற்றினால் ஒரு கேசட் நாலு செயினைத் தாங்குகிறது என்று கொள்வோம். 6,000 கிலோமீட்டருக்கு 19,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 3.17. மாற்றாமலே ஓட்டி, 3,000 கிலோமீட்டரில் இரண்டும் சேர்ந்து போனால் 11,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 3.83. ஆக, மாற்றுவதுதான் மலிவு. இதையே 8 கியர் வண்டிக்குப் போடுங்கள். செயின் 700, கேசட் 1,200 என்றால் முதல் வழியில் 67 பைசா, இரண்டாவது வழியில் 63 பைசா! விலை குறைந்த கேசட் உள்ள வண்டியில் இரண்டையும் சேர்த்தே தேயவிட்டுச் சேர்த்தே மாற்றுவதில் நஷ்டமில்லை. நேரத்துக்கு மாற்று என்ற அறிவுரை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முன்சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் முன்போர்க்கைக் கிலோமீட்டரில் எண்ணாமல், ஓட்டிய மணி நேரத்தில் எண்ண வேண்டும். கீழ்க்கால்களைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றும் சின்ன சர்வீஸைச் சில நிறுவனங்கள் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்கின்றன. சீலைத் தாண்டி உள்ளே போன மண் போர்க்கின் மேல்குழாயின் பூச்சைக் கீறிவிட்டால் அதற்கு மருந்தில்லை, குழாயையே மாற்ற வேண்டும். டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றியிருக்கும் ரப்பர் பால் கலவை நம் வெயிலுக்குச் சில மாதங்களில் காய்ந்துவிடும். கிளம்புவதற்கு முன் சைக்கிளைத் தூக்கி சக்கரத்தை ஆட்டினால் சளசளவென்று கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்று நாள், 120 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று ஒரு நீலகிரிப் பயணம் வைத்துக்கொள்வோம். செயின், கேசட் பங்கு 380 ரூபாய். இரண்டு ஜோடி பேட் 1,600 ரூபாய், 600 கிலோமீட்டர் வரும் என்றால் 320. போர்க் சர்வீஸ் 2,000 ரூபாய், 50-ல் 15 மணி நேரத்துக்கு 600. டயர் ஜோடி 5,000 ரூபாய், 2,500 கிலோமீட்டருக்கு என்றால் 240. கூட்டினால் 1,540 ரூபாய். கிட்டத்தட்ட ஓர் இரவு அறை வாடகை. நான் இப்போது திரும்பி வந்ததும் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். கேசட் போகும் நாளில் அதற்கான பணம் ஏற்கெனவே இருக்கிறது.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிளை லக்கேஜாகப் போட்டு மேட்டுப்பாளையம் கொண்டுவருபவர்கள், சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பரில் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகிவிடுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது.

அப்புறம் ஹேங்கர். பின்கியரைச் சட்டகத்தோடு இணைக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு அது. கல்லில் இடித்தால் சட்டகத்துக்குப் பதிலாகத் தான் வளைந்து உடையும்படி வேண்டுமென்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு, மலையில் எந்தக் கடையிலும் உங்களுடையது கிடைக்காது. சில நூறு ரூபாய்தான். ஒன்றை வாங்கி, செயின் இணைக்கும் குவிக் லிங்க் ஒன்றோடு சேர்த்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் பையில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.