மலிவான கேமராவுக்குள் எவ்வளவு ஒளி நுழைகிறது?

கேமராப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது மெகாபிக்சல் எண், அதாவது படம் எத்தனை பத்து லட்சம் புள்ளிகளால் (பிக்சல்களால்) ஆனது என்ற கணக்கு. படத்தின் தரத்தை அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிற, ஒளியைப் பதியும் சென்சாரின் அளவோ, விவரப் பட்டியலின் அடியில் 1/2.3 அங்குலம் என்பது போன்ற ஒரு பின்னமாகப் பதுங்கியிருக்கும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பதற்குக் கைக்கு அடக்கமான செலவில் கேமரா தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பின்னத்தைத்தான்.

அந்தப் பின்னமும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் சென்சார் இருக்கும் இடத்தில் விடிகான் என்ற வெற்றிடக் குழாய் இருந்தது. அங்குலக் கணக்கு அந்தக் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் குறித்தது. குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 1 அங்குல சென்சார் என்று விற்கப்படுவதன் உண்மையான நீளம் 13.2 மி.மீ., அகலம் 8.8 மி.மீ.; மூலைவிட்டம்கூட 16 மி.மீ.யை எட்டுவதில்லை. 1/2.3 அங்குல சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. தான். அதைவிடப் பெரிய சென்சார் வகைகளில், 1 அங்குல வகைக்கு 116, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கு 225, ஏ.பி.எஸ்.-சி வகைக்கு நிறுவனத்தைப் பொறுத்து 330 முதல் 370 வரை, பழைய 35 மி.மீ. பிலிம் படத்தின் அளவேயான ஃபுல் ஃபிரேமுக்கு 864 சதுர மி.மீ. என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

பரப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பது ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. சென்சார் என்பது ஒரு சிலிக்கான் தகடு. அதில் பிடிபடும் ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த எலக்ட்ரான்களின் அளவை அறிவதே கேமராவின் அடிப்படை வேலை. ஆனால் ஃபோட்டான்கள் சீராக அளந்து வருவதில்லை. ஒரே நிறமான சுவரைப் படமெடுத்தாலும், சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய பிக்சல்களில் ஒன்றில் 91, பக்கத்தில் 108 என்று எண்ணிக்கை தடுமாறும். தடுமாற்றத்தின் அளவு சராசரியின் வர்க்கமூலம்: 100 ஃபோட்டானுக்கு 10, அதாவது 10 சதவீதம், 10,000 ஃபோட்டானுக்கு 100, அதாவது வெறும் 1 சதவீதம். மங்கிய ஒளியில் எடுத்த படங்களில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சலின் பெரும்பகுதி இதுதான். இது இயற்கையின் கணக்கு என்பதால், எந்தப் பொறியாளராலும் இதை நீக்க முடியாது. கூடுதலான ஃபோட்டான்களைச் சேர்ப்பது ஒன்றே வழி. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் படம் வெளிச்சமாவது உண்மை. ஆனால் சேர்ந்த ஒளி கூடுவதில்லை, சேர்ந்தது பெருக்கிக் காட்டப்படுகிறது, தடுமாற்றமும் சேர்ந்தே பெருகுகிறது.

ஒரே காட்சி, ஒரே ஒளித்துளை எண் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒரே ஷட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஏ.பி.எஸ்.-சி சென்சார் 1/2.3 அங்குல சென்சாரைவிடச் சுமார் 13 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. படத்தில் இரைச்சலின் பங்கு மூன்றரை மடங்குக்கு மேல் குறைகிறது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு குழந்தையின் முகத்தைச் சிறிய கேமராவில் எடுத்து, கணினித் திரையில் முழு அளவுக்கு விரித்துப் பாருங்கள். காதோரத்து மயிரிழைகள் தனித்தனியாகத் தெரியாமல், ஈரத் தூரிகையால் இழுத்துவிட்டது போல ஒரே பட்டையாகக் குழைந்திருக்கும். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் இரைச்சலைத் துடைக்கப்போய், மயிரிழையையும் இரைச்சலென்று எண்ணித் துடைத்துவிட்டது.

சிறிய சென்சாரில் 20 மெகாபிக்சல் என்பதும் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். 28 சதுர மி.மீ. பரப்பில் 2 கோடி பிக்சல்களை அடைத்தால் ஒவ்வொன்றின் அகலமும் 1.2 மைக்ரோமீட்டர் ஆகிறது. ஒளி சிறிய துளை வழியாகச் செல்லும்போது சற்றே விரிவதால், குறையே இல்லாத லென்ஸும் ஒரு புள்ளியை ஒரு சிறு வட்டமாகத்தான் பதிக்கும். நீள ஜூம் கேமராக்கள் தொலைவிலுள்ளதை இழுக்கும்போது ஒளித்துளை எஃப் 6.5 அளவில் இருப்பது வழக்கம். அப்போது பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் 8.7 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது என்றால், அங்கே பிக்சல்களைக் கூட்டி என்ன பயன்? 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் இருந்தவை 10,000 பிக்சல்களே. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. அங்கிருந்து தொடங்கிய பயணத்தில் பிக்சல் எண்ணிக்கை நெடுங்காலம் நியாயமான அளவுகோலாகத்தான் இருந்தது. இன்று 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும். 3000-க்கு 2000 பிக்சல் கொண்ட 6 மெகாபிக்சல் படத்தையே 10 அங்குல அகலத்துக்குத் துல்லியமாக அச்சிடலாம்.

ஆகவே, ஒரே செலவில் புத்தம் புதிய சிறிய சென்சார் கேமராவும், பத்தாண்டு பழைய ஏ.பி.எஸ்.-சி கேமராவும் கிடைத்தால், நான் பழையதையே எடுப்பேன். சென்சார்கள் தம்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழப் பாதியை ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன; எவ்வளவு முன்னேறினாலும் இதை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வழியில்லை. 13 மடங்குப் பரப்பை அது ஈடுகட்டாது. பட்டப்பகலில் தொலைதூரப் பறவைகளை மட்டுமே எடுக்க விரும்புகிறவருக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. ஒளி தாராளமாக இருக்கும்போது சிறிய சென்சாரும் நீண்ட ஜூமும் சேர்ந்த கேமரா, சுமையையும் செலவையும் சேர்த்தே குறைக்கும்.

கையில் பணம் மிச்சமிருந்தால் அது லென்ஸுக்குப் போகட்டும். கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் 18-55 மி.மீ. குவியத்தூர லென்ஸ், ஜூமை முழுவதும் இழுத்த நிலையில் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விநாடியில் 6-ல் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்தை 60-ல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி எத்தனை சிறந்ததாக இருந்தாலும் ஓடும் குழந்தையை அது நிறுத்தாது, குறுகிய ஷட்டர் நேரம்தான் நிறுத்தும். இத்தகைய லென்ஸ் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு: ஜூம் கிடையாது, ஆறேழு கண்ணாடிகள்தான், அவற்றின் வரிசையும் 1896-ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானர் லென்ஸின் வழிவந்ததே. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் இதன் பார்வை ஃபுல் ஃபிரேமில் 75 முதல் 80 மி.மீ. வரையிலான லென்ஸின் அளவுக்குச் சுருங்கும் என்பதால், சிறிய அறைகளுக்குள் எடுப்பவருக்கு 35 மி.மீ. ஏற்றது. நிக்கான் வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, ஆகவே மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் அவற்றில் தாமாக ஃபோகஸ் செய்யா.

பழைய கேமராவைக் கையில் வாங்கியதும் இரண்டு படங்கள் எடுத்துப் பார்க்கலாம். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் சில விநாடிகள் ஷட்டரைத் திறந்துவைத்தால் படம் கறுப்பாக வர வேண்டும். வெப்பத்தால் தானாகவே எலக்ட்ரான் கசியும் பிக்சல்கள் அதில் சிவப்பு, நீலப் பொட்டுகளாகத் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. பிறகு ஒளித்துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரை வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுக்க வேண்டும். துளை சிறிதானால் ஒளிக்கற்றை ஒடுங்குவதால், சென்சாரின் முகப்புக் கண்ணாடியில் படிந்த தூசு ஒவ்வொன்றும் கூரிய நிழலாக விழும். காற்றுப் பம்பால் ஊதியபின் மீண்டும் எடுத்தால், தூசு இடம் மாறியிருக்கும் அல்லது போயிருக்கும். கீறல் அதே இடத்தில் நிற்கும்.