கண்ணைக் காட்டினால் கதவு திறக்குமா?

ஆதார் எடுத்தபோது பைனாகுலர் மாதிரி ஒரு கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, “சிமிட்டாம பாருங்க” என்றார்களே, நினைவிருக்கிறதா? அது படம் பிடித்தது கருவிழியை, அதாவது கண்ணின் நடுவில் ஒளி நுழையும் கரும்புள்ளியான பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையத்தை. கைரேகை தேய்ந்தவர்களால் தினமும் தொல்லை, பேசாமல் வருகைப் பதிவுக்கும் இதையே வைத்துவிடலாமே என்று பல அலுவலகங்களுக்குத் தோன்றும். அதில் சில சிக்கல்கள் உண்டு.

கருவி அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கிறது. அந்த ஒளியில் நம் ஊர் அடர் பழுப்புக் கண்ணிலும் மெல்லிய வரிகள் தெளிவாகத் தெரியும். அப்புறம் வளையத்தை வெட்டி நாடாவாக நீட்டியதுபோல் கணக்கிட்டு, 2048 பிட்டுகளாக, அதாவது 0, 1 என்ற இலக்கங்களின் வரிசையாக, எழுதிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மேன் 1990-களில் தந்த முறை இது. வேறு வேறு கண்களை ஒப்பிட்டால், நாணயம் சுண்டிப் பார்த்ததுபோல, பாதிக்குப் பாதி பிட்டுகள் மாறியிருக்கும். வித்தியாசம் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் அதே ஆள். அதனால் ஆள்மாறாட்டம் தப்பிப்பது மிக அபூர்வம்.

வம்பெல்லாம் சொந்த ஊழியரையே “யார் நீங்கள்?” என்று நிறுத்தும்போதுதான். பாவை விரிந்தால் கருவிழி ஒடுங்கி மடிகிறது. ரப்பர் ஷீட்டைப்போல ஒரே சீராகச் சுருங்கும் என்று கணக்கு நம்புகிறது. நிஜத் தசை அப்படி நடந்துகொள்வதில்லை. கண் டாக்டரிடம் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தவரை மெஷின் மறுத்தால் வியக்க வேண்டாம். எல்லையில் கருவிழியைச் சோதிக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில், நாடு கடத்தப்பட்டவர்கள் இதே மருந்தை விட்டுக்கொண்டு திரும்ப நுழையப் பார்த்தார்கள். பாவையின் விரிவையும் அளக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வித்தை அடங்கியது.

அடுத்தது வரிசை. கருவிழியின் அகலம் 12 மில்லிமீட்டர்தான். குள்ளமானவர் எம்ப வேண்டும், உயரமானவர் குனிய வேண்டும், கண்ணாடி மின்னினால் கழற்ற வேண்டும். லண்டன் ஹீத்ரோவில் பயணிகளுக்காக வைத்த கருவிழி வாயிலை 2013-இல் மூடிவிட்டார்கள். அதிகாரியிடம் போவதைவிடச் சிலருக்கு இதில் அதிக நேரம் பிடித்தது.

ஏமாற்றவே முடியாதா என்றால், அதுவும் இல்லை. 2017-இல் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஜெர்மன் ஹேக்கர் குழு, கருவிழியைக் காட்டினால் திறக்கும் கேலக்ஸி எஸ்8 போனைப் போலிக் கண்ணால் திறந்து காட்டியது. கேமராவின் இரவுப் பயன்முறையில் எடுத்த கண் படம், ஒரு லேசர் பிரிண்ட், அதன்மேல் வளைவுக்காக ஒரு கான்டாக்ட் லென்ஸ், அவ்வளவுதான் செலவு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண் பதிவு கசிந்தால்? ஒருவருக்கு இருப்பதே இரண்டு.

கருவிழியே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் பழைய பதிவு பொருந்தாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு கார்டு மெஷினும் வைத்தாக வேண்டும். அதில் ஒருவர் கார்டை இன்னொருவர் காட்டிவிட்டுப் போகலாம். அதைத் தடுக்கத்தானே இத்தனை பணம் போட்டு இந்தக் கேமராவை வாங்கினோம்!