மருந்தெதிர்ப்பு

நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் இப்படிச் சொல்வார்கள்: “போன தடவை குடுத்த மருந்துதான், இந்தத் தடவை கேக்க மாட்டேங்குதுங்க.” ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் என்பதன் கொங்கு வடிவம் என்று இதையே வைத்துக்கொள்ளலாம்.

கிரேக்கத்தில் ‘ஆன்டி’ எதிர், ‘பயாஸ்’ உயிர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த செல்மன் வாக்ஸ்மன்தான் 1940-களில் ஆன்டிபயாடிக் என்பதை மருந்தின் பெயராக நிலைநிறுத்தினார். ரெசிஸ்டன்ஸ் லத்தீன் வழி வந்தது, எதிர்த்து நிற்பது.

தமிழில் ஆன்டிபயாடிக்குக்கு நுண்ணுயிர்க்கொல்லி, நுண்ணுயிரெதிர்ப்பி என்று பல பெயர்கள். பின்னதோடு ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் ‘நுண்ணுயிரெதிர்ப்பி எதிர்ப்பு’, நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று சுருக்கினாலோ, யார் யாரை எதிர்ப்பது என்றே தெரியாது. ‘நோய் எதிர்ப்பு’ மாதிரி ஏதோ நல்ல சங்கதி போலவும் தோன்றும். என் ஓட்டு ‘மருந்தெதிர்ப்பு’க்கு. மலேரியா மருந்து போன்றவற்றையும் இச்சொல் தழுவும் என்பதால், ஆன்டிபயாடிக்கை மட்டும் சொல்லவேண்டிய இடத்தில் ‘நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு’ எனலாம்.

எதிர்ப்பது கோழியும் அல்ல, நம் உடம்பும் அல்ல, கிருமி. “உடம்பு மருந்துக்குப் பழகிருச்சு” என்பது சரியில்லை. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அதோடு, பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வழியாக அந்தத் திறனை வேற்றின பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகின்றன. வேறு மருந்து எடுபடாதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கொலிஸ்டினையே எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில் இருப்பது 2015-இல் சீனாவில் தெரியவந்தது. பன்றி, இறைச்சி, நோயாளிகள் என மூன்றிடத்திலும் அது இருந்தது. உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

இன்னொரு சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள்: மருந்தெச்சம். அது கறியில் தங்கிவிடும் மருந்து. கோழியைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்தினால் எச்சம் குறையும். எதிர்ப்புக் கிருமி அதனால் போய்விடாது. பள்ளிபாளையம் சிக்கனாகச் சட்டியில் நன்றாக வெந்தால் அந்தக் கிருமியும் செத்துப்போகும். பச்சைக் கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் அரிந்து தயிரில் போடுகிறோமே, அங்கேதான் தப்பிக்கிறது.