502 எங்கிருந்து வருகிறது?

புதிய பதிப்பை சர்வரில் ஏற்றியதும் திரையில் 502 (Bad Gateway, பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் பிழை) வந்து நின்றால், கை முதலில் ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். சில நேரம் அதிலேயே சரியாகியும் விடும். ஆனால் ஏன் விழுந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். மறுபடி அதே இடத்தில் விழும்.

உண்மையில் 502 ஒரு நல்ல சாட்சி. முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் (nginx), அதன் பின்னால் பைத்தான் ஆப்பை ஓட்டும் ஜூனிகார்ன் (Gunicorn) போன்ற ஆப் சர்வர், அதற்கும் பின்னால் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம். 502 பக்கத்தை அனுப்பியதே என்ஜின்எக்ஸ்தான். ஆகவே அது நன்றாக ஓடுகிறது, டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை முகவரியாக்குவது) 443 போர்ட்டும் (ஹெச்டிடிபிஎஸ் வாசல்) சரி. சிக்கல் அதற்குப் பின்னால். எவ்வளவு பின்னால் என்பதை அதன் எரர் லாகில் (பிழைப் பதிவில்) கடைசி வரி சொல்லும். அந்த வரியில் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். லினக்ஸ் தரும் பிழை எண் அது.

111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது, அதாவது அந்த போர்ட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆப் தொடங்கும்போதே விழுந்திருக்கலாம், அல்லது வேறு போர்ட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆப் கன்டெய்னரில் (தனக்கென நெட்வொர்க் உள்ள தனிப் பெட்டி) ஓடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது முகவரி: உள்ளே ஆப் 127.0.0.1-இல் கேட்டால் அது கன்டெய்னரின் சொந்த 127.0.0.1, வெளியிலிருந்து எட்டாது. எல்லா முகவரியிலும் கேட்கும்படி 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸும் ஆப்பும் போர்ட்டுக்குப் பதில் ஒரு கோப்பு வழியாகப் பேசினால் அது சாக்கெட் கோப்பு. 2 என்றால் அந்தக் கோப்பே அந்த இடத்தில் இல்லை. 13 என்றால் கோப்பு இருக்கிறது, அனுமதி இல்லை. அதிக நேரத்தைத் தின்பது இந்த 13தான். பலரும் சாக்கெட்டுக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துப் பார்ப்பார்கள், அசையாது. காரணம், கோப்பை எட்ட வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும் உரிமை என்ஜின்எக்ஸ் பயனருக்கு வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 750 அனுமதிதான் (வெளியார் நுழைய முடியாது), முன்பு 755 (நுழையலாம்). சாக்கெட்டை ஹோமுக்குள் வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இங்கேதான் கவிழ்கின்றன. ஹோமைத் திறந்துவிடுவதைவிட சாக்கெட்டை ரன் (/run) ஃபோல்டருக்கு மாற்றுவதே மேல். கோப்பு சாக்கெட் இல்லாமல் சாதாரண போர்ட்டுக்கு இணையும்போதே 13 வந்தால், ரெட்ஹாட் வகை சர்வர்களில் செலினக்ஸ் (SELinux) என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, சிஸ்டம்டி (systemd, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்துவது) சர்வீஸாக வைத்தால் விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் என்விரான்மென்ட் மாறிகள் (ஆப்புக்கு வெளியிலிருந்து தரும் அமைப்புகள்). டேட்டாபேஸ் பாஸ்வேர்டை பாஷ்ஆர்சி (.bashrc, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும்) கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள். சிஸ்டம்டி அதைப் படிக்காது. சர்வீஸ் கோப்பிலேயே தனி என்விரான்மென்ட் கோப்பைக் காட்ட வேண்டும். இன்னொன்று: 10 நொடிக்குள் 5 முறை தொடங்கி விழுந்தால் சிஸ்டம்டி முயற்சியைக் கைவிட்டுவிடும். அப்போது கடைசியாகத் தெரியும் செய்தி 'அடிக்கடி தொடங்கப்பட்டது' என்பதுதான். அது விளைவு, காரணம் ஜர்னல் லாகில் அதற்கும் மேலே இருக்கும், உருட்டிப் பாருங்கள்.

ஆப் ஓடுகிறது, சில பக்கங்களுக்கு மட்டும் 502 என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடி பதிலுக்குக் காத்திருந்துவிட்டு 504 (நேரம் கடந்துவிட்டது என்னும் பிழை) தரும். ஜூனிகார்னோ 30 நொடி அசையாத வொர்க்கரை (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்) கொன்றுவிடும். எனவே 40 நொடி எடுக்கும் ஒரு ரிப்போர்ட் 504 வரை போவதே இல்லை. 30-ஆவது நொடியில் இணைப்பு அறுந்து 502 ஆகிறது. மெதுவான குவெரி (டேட்டாபேஸ் கேள்வி) செத்த சர்வர் போல வேஷம் போடுவது இப்படித்தான். இரண்டு எண்களையும் 300 ஆக்கினால் பிழை மறையும். ஆனால் அப்படிப்பட்ட 4 கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால், 4 சாதாரண வொர்க்கர் உள்ள சர்வர் மற்ற எல்லோருக்கும் மூடியதாகிவிடும். அந்த வேலையைப் பின்னணி வரிசைக்குத் தள்ளுவதே தீர்வு.

நேரக் கணக்கு எதுவும் இல்லாமல் திடீரென விழுந்து, கன்டெய்னரின் வெளியேற்றக் குறியீடு 137 என்று இருந்தால், 128-ஐக் கழியுங்கள்: 9, அதாவது கட்டாயக் கொலை. அனேகமாக மெமரி தீர்ந்து லினக்ஸின் மையமான கர்னலே கொன்றிருக்கும். ஆப் லாகில் ஒரு வரியும் இருக்காது, எழுத அவகாசமே கிடைத்திருக்காது. கர்னல் லாகைத்தான் பார்க்க வேண்டும்.

502 எதுவும் இல்லாமல், பழைய பக்கமே வந்துகொண்டிருப்பது வேறு வகைத் தொல்லை. பைத்தான் கோடு ஒருமுறை மெமரிக்குப் போனபின் டிஸ்க்கில் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. ஜூனிகார்னுக்கு ஹெச்யூபி (HUP, மறுபடி ஏற்றச் சொல்லும்) சிக்னல் அனுப்பினால், கையிலுள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டுப் பழைய வொர்க்கர்கள் விலக, புதியவை வரும். ஆனால் ப்ரீலோட் (வொர்க்கர்களுக்கு முன்பே கோடை ஏற்றிவைப்பது) வைத்து ஓட்டினால் அந்த சிக்னலுக்குப் புதிய கோடு ஏறாது. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழிலும் இதே கதை: டிஸ்க்கில் புதுப்பித்தாகிவிட்டது, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யவில்லை என்றால் பிரவுசருக்குக் காலாவதியானதே போகும்.

பழைய வொர்க்கரும் புதியதும் சில நொடி சேர்ந்து ஓடுவதால் டேட்டாபேஸ் மாற்றத்தில் கவனம் வேண்டும். டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை நேரடியாக மாற்றினால் இரண்டில் ஒன்று கட்டாயம் உடையும். முதலில் புதிய நெடுவரிசையைச் சேருங்கள். இரண்டிலும் எழுதும் கோடை ஏற்றுங்கள். பழைய தரவை நகலெடுங்கள். பிறகு புதியதை மட்டும் படிக்கும், எழுதும் கோடு. பழைய நெடுவரிசையை நீக்குவது அடுத்த ரிலீஸில். அதை நீக்கிய பிறகு, அதைப் பயன்படுத்திய பழைய கோடுக்கு ரோல்பேக் செய்ய (திரும்பிப் போக) முடியாது.