விறைத்த காலைத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து

மகளைப் பார்க்கக் கனடா போய்த் திரும்பிய ஐயா ஒருவர் அண்மையில் கிளினிக்குக்கு வந்தார். பழைய சீனி வருத்தக்காரர் (நீரிழிவு). வலது காலில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துக் காய்ந்து, நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே எல்லை போட்டிருந்தது. பனிப்புயலில் கார் புதைந்துவிட, மருமகனோடு இறங்கி நடந்திருக்கிறார். வீடு வந்ததும் ஊருக்குக் கோல். ஊரிலிருந்த அனுபவசாலி ஒருவர், "நல்லெண்ணெய் பூசி நல்லாத் தேயுங்கோ, பிறகு ஹீற்றருக்குப் பக்கத்தில வையுங்கோ" என்று வைத்தியம் சொல்லியிருக்கிறார். இது முதல் ஆளும் இல்லை, அதுதான் எரிச்சல்.

உறைந்த விரலுக்குள் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி இருக்கிறது. அதைத் தேய்ப்பது கண்ணாடித் துண்டு நிறைந்த பையைக் கசக்குவது மாதிரி, உள்ளே இருக்கிற சதையும் நரம்பும் கிழியும். எண்ணெய், தைலம், பாம், சினோவாலேயே (கொட்டிக் கிடக்கும் பனியாலேயே) தேய்ப்பது, எதுவும் வேண்டாம். ஹீற்றரும் அடுப்பும் இன்னும் மோசம், ஏனென்றால் விறைத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் மணக்கும். 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணித்தியாலம் அளவுக்கு ஊறவிடுங்கள். தண்ணீரின் சூட்டை நல்ல ஆளொருவர் முழங்கையால் பார்க்கட்டும், விறைத்தவர் பார்க்கக் கூடாது. திரும்ப உறைகிற வாய்ப்பு இருந்தால், அதாவது இன்னும் தெருவில்தான் நிற்கிறீர்கள் என்றால், உருக்கவே வேண்டாம். உருகி மறுபடி உறைந்த விரலைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பிறகு ஆஸ்பத்திரி. ஊருக்குக் கோல் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"ஒரு பெக் அடித்தால் சூடாகிவிடும்" என்பவர்களுக்கும் ஒன்று. சூடு தோலுக்கு வருகிறது, உள்ளே இருந்துதான் வருகிறது. உடம்பு குளிர்ந்துகொண்டே போகும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சினோ கொட்டுவதெல்லாம் பனிப்புயல் ஆகாது. கனடாவில் காற்று மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் குறையாமல் அடித்து, 400 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாமல், 4 மணித்தியாலமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். மேலிருந்து ஒன்றும் விழாமல், தரையில் கிடப்பதைக் காற்றுக் கிளப்பினாலும் அதேதான். மைனஸ் 15 பாகையில் மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 29 மாதிரி. மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மார்கழிக் குளிருக்கு மப்ளர் சுற்றிப் பழகிய நமக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது.

எனவே கார் மாட்டினால் இறங்கி நடக்காதீர்கள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற அமெரிக்க நகரமான பஃபலோவில் 2022 டிசம்பர் புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் தெருவில் கிடந்தவர்களும் உண்டு. காருக்குள்ளேயே இருங்கள், மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். அதற்கு முதல் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள், காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. தலையிடி, சத்தி, பிறகு நித்திரை, அந்த நித்திரையிலிருந்து எழும்புவதில்லை. கரண்ட் போன வீட்டுக்குள் பாபிகியூ அடுப்பு மூட்டுகிற கெட்டிக்காரர்களுக்கும் இதே கதிதான்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா, அப்பாக்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சீனி வருத்தத்தில் பாத நரம்பு ஏற்கெனவே செத்திருந்தால் குளிர் கடிப்பது உங்களுக்குத் தெரியாது. வெளியில் போய் வந்ததும் காலுறையைக் கழற்றி விரலைக் கண்ணால் பாருங்கள். இறுக்கமான சப்பாத்து வேண்டாம். மருமகனுக்கு உதவுகிறேன் என்று சினோ அள்ளப் போகாதீர்கள், இதய வருத்தக்காரர் அந்த வேலையில் விழுவது அங்கே வழக்கமான சங்கதி. இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள், நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். ஒருதரம் உறைந்தது உருகினாலும் உதவாது, எறியத்தான் வேண்டும்.

அப்புறம், விமானம் ஏறுகிற நாளுக்கு முதல்நாள் இரவு "டொக்டர், ஒரு கடிதம்" என்று வராதீர்கள். ஒரு மாதம் முந்தி வந்தால் காலையாவது சோதித்துப் பார்க்கலாம்.